தம்பிக்குக் காலில் மதுக் கண்காணிப்புப் பட்டி: புரொபேஷன் அதிகாரியிடம் எதைச் சொல்வது?

சண்முகி (குறோய்டன்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி சில வாரங்களுக்கு முன் ஒரு பிறந்தநாள் விழா நடந்த மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்தில் ஏற்பட்ட கைகலப்பில் இன்னொருவரை முகத்தில் குத்திவிட்டான். நீதவான் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டான். அன்று நிறையக் குடித்திருந்ததை அவனும் மறுக்கவில்லை, சாட்சிகளும் அதையே சொல்லியிருக்கிறார்கள். தண்டனை விதிக்கும் முன் புரொபேஷன் அதிகாரி (குற்றவாளிகளின் நன்னடத்தையை மேற்பார்வை செய்பவர்) அவனைச் சந்தித்து அறிக்கை தர வேண்டும் என்று வழக்கை ஒத்திவைத்துள்ளார்கள். சிறைக்கு அனுப்பாமல் சமூகத் தண்டனை உத்தரவு ஒன்றைப் பிறப்பித்து, குறித்த காலம்வரை மதுவைத் தொடவே கூடாது என்று கட்டளையிட்டு, அதைக் கவனிக்கக் கணுக்காலில் ஒரு பட்டியைப் பூட்டும் வாய்ப்பு இருப்பதாக எங்கள் சட்டத்தரணி சொன்னார்.

இந்தப் பட்டி எப்படி வேலை செய்கிறது? வீட்டில் அம்மா பயன்படுத்தும் தசமூலாரிஷ்டம், கைக்குப் பூசும் கிருமிநாசினி, வாசனைத் தெளிப்பான் ஆகியவற்றால் அவன் மீது வீண்பழி வருமா? கோயிலுக்கு வேட்டியுடன் போனால் எல்லோர் கண்ணிலும் படுமே என்றும் அவன் கூச்சப்படுகிறான்.

என்னை உறுத்துவது இன்னொன்று. வேலை போனபின் அவன் ஏறத்தாழ ஒவ்வோர் இரவும் குடிக்கிறான், காலையில் கை நடுங்குவதை நானே பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் பட்டி கிடைக்காமல் உள்ளே போட்டுவிடுவார்கள், ஆகவே சனி ஞாயிறில் மட்டும் குடிப்பதாகச் சொல்லட்டும் என்கிறார் அம்மா. சட்டத்தரணியிடம் இதை நாங்கள் இன்னும் பேசவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கரவெட்டியான்:

சகோதரி, நான் தென் இலண்டன் நீதிமன்றங்களில் நெடுங்காலம் மொழிபெயர்ப்பாளராக இருந்து வருகிறேன். சட்டத்தரணி அல்லன். ஆகவே நான் சொல்வதை உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இந்த உத்தரவுக்கு 2012 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழிவகுத்தது. முதல் சோதனை 2014 ஜூலை இறுதியில் உங்கள் குறோய்டனிலும் சட்டன், லாம்பெத், சதக் ஆகிய பகுதிகளிலும் தொடங்கியது. பொரிஸ் ஜோன்சன் அப்போது இலண்டன் மேயராக இருந்தார். பின்னர் இலண்டன் முழுவதற்கும் விரிவுபட்டு, 2020 அக்டோபரில் வேல்ஸிலும் 2021 மார்ச்சில் இங்கிலாந்து முழுவதிலும் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே இதை விதிக்கலாம். உச்சக் காலம் 120 நாட்கள். குடி அந்தக் குற்றத்துக்கு ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும் என்பது முதல் நிபந்தனை, உங்கள் தம்பியின் வழக்கு அதில் அடங்கும். குற்றவாளி மதுவுக்கு அடிமைப்பட்டவராக இருக்கக்கூடாது என்பது இன்னொன்று. இந்த உத்தரவையும் மதுச் சிகிச்சை உத்தரவையும் ஒரே தண்டனையில் சேர்த்து விதிக்க முடியாது. அம்மாவின் யோசனை இடிபடுவது அடிமைப்பட்டவராக இருக்கக்கூடாது என்ற அந்த நிபந்தனையில்தான். அதன் மருத்துவப் பக்கத்தை அறிந்தவர்கள் எழுதட்டும்.

கருவியைப் பற்றிச் சொல்கிறேன். நாம் குடிக்கும் மதுவில் பெரும்பகுதியைக் கல்லீரல் எரித்துவிடுகிறது, ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு மட்டும் கண்ணுக்குத் தெரியாத வியர்வையாகத் தோல் வழியே வெளியேறுகிறது. பட்டியின் உட்புறத்தில் உள்ள உணரி அரை மணி நேரத்துக்கு ஒருமுறை அந்த ஆவியைச் சோதித்துப் பதிவு செய்கிறது. வீட்டில் வைக்கப்படும் சிறு பெட்டி ஒன்று அந்தப் பதிவுகளைக் கண்காணிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடும். பட்டிக்கும் தோலுக்கும் நடுவே காலுறையையோ அட்டையையோ செருகினாலும் அகப்பட்டுவிடும், ஏனெனில் வெப்பநிலையையும் தோலுக்கு உள்ள இடைவெளியையும் அளக்கும் உணரிகளும் அதில் உள்ளன.

வீண்பழி பற்றிய அச்சம் நியாயமானது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. வாசனைத் தெளிப்பானோ கிருமிநாசினியோ பட்டியருகே பட்டால் அளவு சட்டென்று உயர்ந்து சட்டென்று விழும். குடித்தவர் உடலிலோ அது மெல்ல ஏறி, பல மணி நேரம் நின்று, மெல்ல இறங்கும். இந்த இரண்டு வளைவுகளையும் வேறுபடுத்திப் பார்த்த பிறகே மீறல் என்று முடிவு செய்கிறார்கள். அரிஷ்டம் அப்படிப்பட்டதல்ல. புளிக்கவைத்துச் செய்யும் மருந்தாகையால் அதிலேயே மது உண்டாகிறது, பியரை ஒத்த அளவும் அதைவிடக் கூடிய அளவும் இருக்கலாம், அது உள்ளே போனால் குடித்ததாகவே பதிவாகக்கூடும். அம்மா குடிப்பதால் தம்பிக்கு ஒன்றும் வராது. ஆனால் செரிமானத்துக்கு நல்லது என்று அவனுக்கும் ஒரு மூடி ஊற்றிக் கொடுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் திரவம் ஆகியவற்றின் சீட்டையும் படித்துப் பார்க்க வேண்டும்.

தொட்டியில் அமிழ்ந்து குளிப்பதும் நீச்சலும் கூடாது, ஷவரில் குளிக்கலாம். வேட்டியைப் பற்றி என்ன சொல்வது! சற்றுத் தழையக் கட்டினால் போதும், கோயிலில் மற்றவர் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு வேறு வேலை இல்லை என்றுதான் பொருள்.

வெண்புறா:

நான் மதுச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் தாதி. சகோதரி, நீங்கள் எழுதியவற்றுள் காலையில் கை நடுங்குகிறது என்ற வரியை விட்டு என் கண் நகரவில்லை.

நாள்தோறும் அதிகமாகக் குடிக்கும் ஒருவருடைய மூளை மதுவின் தணிக்கும் விளைவுக்கு எதிராகத் தன்னை முறுக்கேற்றி வைத்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிஞ்சும். கடைசிக் குடிக்குச் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு ஆகியவை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாள் அளவில் சிலர் இடமும் ஆளும் அறியாத குழப்பத்துக்குள்ளாகி இல்லாதவற்றைக் காண்பார்கள், காய்ச்சலும் ஏறும், சிகிச்சை கிடைக்காவிட்டால் உயிரே போகலாம். அடிமைப்பட்டவருக்கு இந்தப் பட்டியைப் பூட்டக்கூடாது என்று சட்டம் சொல்வது இதனால்தான். நீதிமன்றமே ஒருவரை ஒரே நாளில் குடியை நிறுத்தச் சொல்லி வலிப்பில் தள்ளிவிடக்கூடாது அல்லவா?

ஆகவே அம்மாவின் யோசனைப்படி நடந்தால் தம்பி இரண்டில் ஒன்றைச் செய்ய நேரும். உத்தரவை மதித்து ஒரேயடியாக நிறுத்தினால் மருத்துவ ஆபத்து. நடுக்கம் தாங்காமல் காலையில் சிறிது குடித்தால் மீறல் பதிவாகி மீண்டும் நீதிமன்றம், அப்போது முதலில் பொய் சொன்னதும் வெளிவரும். அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது புரிகிறது. சிறை என்ற சொல்லைக் கேட்ட எந்தத் தாயும் அப்படித்தான் யோசிப்பார்.

புரொபேஷன் அதிகாரி பெரும்பாலும் உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட படிவத்தைப் பயன்படுத்துவார். எவ்வளவு அடிக்கடி, ஒரு நாளில் எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடியாமற் போனதா, காலையில் எழுந்ததும் குடிக்கத் தேவைப்பட்டதா என்பன போன்ற கேள்விகள் அவை. மொத்தம் 40 புள்ளிகளில் 20 அல்லது அதற்கு மேல் வந்தால் அடிமைத்தனம் இருக்கலாம் என்று கருதி மேலும் ஆராய்வார்கள். தம்பி உண்மையான விடைகளைச் சொல்லட்டும். எண்ணிக்கை 20 ஐத் தாண்டாமலும் போகலாம், அப்போது பட்டி பற்றிய பேச்சை அச்சமின்றித் தொடரலாம்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். வழக்கு வருகிறது, நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று எண்ணி அவன் நாளைக்கே சட்டென்று நிறுத்தவும் கூடாது. குடும்ப மருத்துவரிடமோ உள்ளூர் மதுச் சேவையிடமோ பேசுங்கள். மதுச் சேவைக்கு மருத்துவரின் கடிதம் இல்லாமல் நேரே போகலாம், கட்டணமும் இல்லை. படிப்படியாகக் குறைப்பதா, மாத்திரைகளின் துணையுடன் சில நாட்களில் நிறுத்துவதா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். இடையில் வலிப்போ குழப்பமோ வந்தால் 999 என்ற அவசர எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

பனிநாட்டான்:

நான் அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் வசிக்கிறேன். இந்த ஏற்பாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பதால் சில செய்திகளைச் சேர்க்கிறேன்.

இந்த மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்த லாரி லாங், அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் 1980களில் ஒரு சிறு கவுண்டியில் (மாநிலத்துக்குள் உள்ள மாவட்டம்) அரசு வழக்கறிஞராக இருந்தபோது, குடித்துவிட்டு வண்டி ஓட்டிய அதே ஆட்களே திரும்பத் திரும்பச் சிறைக்கு வருவதைக் கண்டார். வண்டியைப் பிடுங்குவதைவிடக் குடியைப் பிடுங்குவதே வழி என்ற முடிவுக்கு வந்தார். 2005 இல் சில கவுண்டிகளில் சோதனையாகத் தொடங்கிய அந்தத் திட்டத்தின்படி, குற்றம் சாட்டப்பட்டவர் காலையிலும் மாலையிலும் ஷெரிஃப் அலுவலகத்துக்கு நேரில் போய்க் குழாயில் ஊத வேண்டும். ஒவ்வொரு சோதனைக்கும் ஒரு டாலரை அவரே கட்ட வேண்டும். மது காட்டினால் அங்கேயே பிடித்து ஓரிரு இரவுகள் உள்ளே வைப்பார்கள். தொலைவில் வசிப்பவர்களுக்குத்தான் கணுக்காற் பட்டி.

ராண்ட் ஆய்வு நிறுவனத்தார் 2013 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2005 முதல் 2010 வரை 17,000 பேருக்கு மேல் இதில் பங்கேற்றார்கள். குறித்த சோதனைகளில் 99 விழுக்காட்டுக்கு மேல் தவறாமல் வந்து, மது இல்லை என்றே முடிந்தன. திட்டம் வந்த கவுண்டிகளில் குடித்துவிட்டு ஓட்டி இரண்டாம் முறை கைதானோர் எண்ணிக்கை 12 விழுக்காடும் குடும்ப வன்முறைக் கைதுகள் 9 விழுக்காடும் குறைந்தன. தண்டனை சிறியது, ஆனால் தப்ப முடியாதது, உடனே வருவது. மாதக்கணக்கில் தாமதித்து வரும் பெரிய தண்டனைக்கு அஞ்சாத மனிதர்கள் இன்று மாலையே வரும் சிறு தண்டனைக்கு அஞ்சுகிறார்கள்.

இங்கிலாந்து இங்கிருந்து பட்டியை எடுத்துக்கொண்டது, உடனடித்தன்மையை விட்டுவிட்டது என்பது என் எண்ணம். கரவெட்டியான் ஐயா, அங்கே மீறல் பதிவானால் என்ன நடக்கிறது?

மெரினா வக்கீல்:

சென்னையிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. நண்பர் பனிநாட்டானின் எண்களை நான் மறுக்கவில்லை. ஆனால் விசாரணை முடிந்து குற்றம் உறுதியாகும் முன்பே ஒருவரை நாளுக்கு இருமுறை ஊதவைத்து, அதற்கான செலவையும் அவரிடமே வசூலிக்கும் ஏற்பாட்டை நீதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாளுக்கு இரண்டு டாலர், அங்கே போய்வரும் பேருந்துச் செலவு, வேலைக்குத் தாமதம் ஆகிய எல்லாமே ஏழையைத்தான் அழுத்தும்.

இந்தியாவில் மதுவைத் தொடாதிருக்கும்படி ஆணையிட்டுக் கருவியால் கண்காணிக்கும் தண்டனை சட்டப் புத்தகத்தில் இல்லை. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 355 ஆம் பிரிவு, பொது இடத்தில் குடித்துவிட்டு அடாவடி செய்பவருக்கு 24 மணி நேரம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை என்று சொல்வதோடு நின்றுவிடுகிறது. அதே மாதம் 8 ஆம் தேதி உச்ச நீதிமன்றம், பிணையில் விடப்பட்டவர் தன் கூகுள் வரைபட இருப்பிடத்தைப் புலனாய்வு அதிகாரியுடன் எப்போதும் பகிர வேண்டும் என்ற நிபந்தனை அரசியலமைப்பின் 21 ஆம் பிரிவு தரும் அந்தரங்க உரிமைக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. உடலில் பூட்டும் கருவி அந்தத் தர்க்கத்தைத் தாண்டி நிற்குமா என்பது எனக்கு ஐயமே. சிறைக்கு மாற்று என்று சொல்லிக் கொண்டுவரப்படும் கருவி, எப்படியும் சிறைக்குப் போயிருக்காத ஆட்களின் காலில்தான் முதலில் ஏறும் என்பது என் கவலை.

கரவெட்டியான்:

பனிநாட்டான், நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி சரி. இங்கே பதிவுகளை முதலில் கண்காணிக்கும் நிறுவனம் ஆராய்கிறது, பிறகு புரொபேஷன் அதிகாரிக்குத் தகவல் போகிறது, அவர் குற்றவாளியிடம் விளக்கம் கேட்கிறார். நியாயமான காரணம் இல்லாத முதல் மீறலுக்குப் பொதுவாக எழுத்து எச்சரிக்கை. 12 மாதங்களுக்குள் மீண்டும் மீறினால்தான் வழக்கு நீதிமன்றத்துக்குத் திரும்பும், அதற்கும் தேதி கிடைக்க வேண்டும். அங்கே அபராதம் விதிக்கலாம், நிபந்தனைகளைக் கடுமையாக்கலாம், அல்லது பழைய உத்தரவை நீக்கிப் புதிதாகத் தண்டிக்கலாம். மாலையே உள்ளே போகும் கதை இங்கில்லை. ஒருவர் விளக்கம் சொல்லவும் இயந்திரத்தின் பதிவை எதிர்த்து வாதிடவும் இடம் இருப்பதால் இந்தத் தாமதத்தை முற்றிலும் குறையென்று நான் சொல்ல மாட்டேன்.

வக்கீல் ஐயாவுக்கு இரண்டு விளக்கங்கள். இங்கே இது விசாரணைக்கு முன்பு வருவதில்லை, குற்றம் உறுதியான பிறகு தண்டனையின் பகுதியாகவே வருகிறது, செலவையும் அரசே ஏற்கிறது. மேலும் மதுப் பட்டி ஒருவர் எங்கே போகிறார் என்பதைப் பதிவு செய்வதில்லை. இருப்பிடத்தைக் காட்டும் பட்டி வேறு, இரவில் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்கும் பட்டி வேறு. உங்கள் கடைசிக் கவலையோடு மட்டும் நான் ஒத்துப்போகிறேன்.

அரசாங்கம் அடிக்கடி எடுத்துக்காட்டும் ஓர் எண்ணையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பட்டி அணிந்த நாட்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் மது இல்லாத நாட்கள் என்கிறார்கள். மெச்சத்தக்கதுதான். ஆனால் அது பட்டி காலில் இருக்கும் காலத்துக் கணக்கு. கழற்றிய மறுமாதம் அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்பதற்கு அந்த எண்ணில் விடை இல்லை. அடிமைப்பட்டவர்களை முதலிலேயே விலக்கிவிட்டு எடுத்த எண் என்பதையும் மறக்கக்கூடாது.

சண்முகி:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தாதி அக்கா எழுதியதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளதை உள்ளபடி சொல்லச் சம்மதித்துவிட்டான், மதுச் சேவையில் சந்திப்புக்கும் பதிந்துவிட்டோம். அம்மா இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அவருக்குச் சொல்ல எனக்கு ஒரு விடை வேண்டும். அடிமைத்தனம் என்று முடிவானால் பட்டி கிடையாது, அப்படியானால் சிறைதான் என்று பொருளா?

கரவெட்டியான்:

இல்லை, சகோதரி. பட்டியும் சிறையும் மட்டுமே இருக்கும் தராசு அல்ல அது. மதுச் சிகிச்சை உத்தரவு என்று மேலே குறிப்பிட்டேனே, அது இத்தகையவர்களுக்காகவே உள்ளது. அதற்கு அவன் உடன்படுவதாக வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், சிகிச்சைக்கான ஏற்பாடும் இருக்க வேண்டும். அதனுடன் ஊதியமில்லா வேலை, ஊரடங்கு போன்ற வேறு நிபந்தனைகளையும் நீதிமன்றம் சேர்க்கலாம். சிறையா இல்லையா என்பதைக் காயத்தின் தன்மை, பழைய குற்றங்கள், ஒப்புக்கொண்டது ஆகியவை பெரிதும் தீர்மானிக்கும், அதைச் சட்டத்தரணிதான் கணித்துச் சொல்ல முடியும். அவரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் பேசுங்கள். தம்பி அனுமதிக்காமல் அவர் அதை வெளியே சொல்ல மாட்டார்.

வெண்புறா:

மதுச் சேவையின் முதல் சந்திப்பு முடிந்ததும், தம்பி வந்தான், மதிப்பீடு நடந்தது, அடுத்த சந்திப்பு இன்ன நாள் என்று ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். புரொபேஷன் சந்திப்புக்கு அதன் நகலைக் கொண்டுபோகட்டும். அந்தச் சந்திப்பின்போது ஆங்கிலத்தில் தடுமாறுவான் என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நீங்களோ அம்மாவோ அருகில் இருந்து மொழிபெயர்க்க வேண்டாம், குடும்பத்தார் எதிரில் எவ்வளவு குடிக்கிறேன் என்று எவரும் சரியாகச் சொல்வதில்லை. அதுவரை அவன் தனியாக இருக்கும் இரவுகளைக் குறைத்து, சாப்பாட்டைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தயமின் (பி1 வைட்டமின்) மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீண்ட நாள் குடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அதை எழுதிக் கொடுப்பார்கள்.